பேஸைத் தூக்கிரு

"வயக்காட்டுச் சேத்துல மாடு நடக்குற மாதிரி இருக்குய்யா" என்றார் கச்சேரிக் குழுத் தலைவர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பேஸ் கிட்டார் வாசித்தவனைப் பார்த்தார்.

எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது. டேப் ஓடுவது என் அறையில். கைப்பிடியை ஏற்றி இறக்குவது என் விரல். சத்தம் சரியில்லை என்றால் என்னைத் திட்ட வேண்டும். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம். அந்த அர்த்தம் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் காளவாசலில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து ரெக்கார்டிங் செய்துகொண்டிருந்தேன். வாசலில் ஸ்டுடியோ என்று எழுதியிருக்கும். சுவரெல்லாம் அரிசிச் சாக்கும் பழைய ஜமுக்காளமும். கீழே டயர் கடை. அங்கே காற்றடிக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவோம். அப்படித்தான் பாதி நாள் போகும். வருகிறவர்கள் பெரும்பாலும் கச்சேரிக் குழுக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே ஆசை: பாட்டு 'கும்'மென்று இருக்க வேண்டும். அந்தக் காலத்து மதுரையில் நல்ல சத்தம் என்றால் கும். டீக்கடையில் கும், ஆட்டோவில் கும், கல்யாண வீட்டில் கும். அந்தக் 'கும்' எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தனும் கேட்கமாட்டான்.

அது பேஸ் கிட்டாரிலிருந்து வருகிறது. நாலு தடித்த கம்பி. மேடையில் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். வாசிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால் மட்டும் "என்னமோ குறையுதே" என்பார்கள். என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் என் நண்பன். சௌராஷ்ட்ரக் குடும்பம். பகலில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் இடத்தில் வேலை. விரல்நுனி எப்போதும் நீலமோ சிவப்போ ஏறியிருக்கும். வீட்டில் அவர்கள் பாஷை, என்னிடம் சுத்தமான மதுரைத் தமிழ். சாயத் தொட்டியை விட்டால் அவனுக்கு இருந்தது இந்தக் குழு ஒன்றுதான். வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அவன் சீட். ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டு மறுநாள் தூக்கக் கண்ணோடு தொட்டிக்கு வருவான். அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தச் சீட்டுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. குழுவில் கீபோர்டு வாசிப்பவருக்கு அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து புதுக் கீபோர்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் இடது பக்கக் கட்டைகளை அழுத்தினால் பேஸ் மாதிரியே கேட்கும். தலைவர் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, "ஒரே ஆளு ரெண்டு வேலையப் பாத்துர்றான்ல" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். வேனிலும் இடம் நெருக்கடி. வண்டியூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை கச்சேரி. அதற்கு முன் அம்மன் பாட்டுக் கேசட் வெளியே வர வேண்டும். பாட்டெல்லாம் ரெக்கார்டிங் முடிந்துவிட்டது. மிக்சிங் மட்டும் பாக்கி.

மிக்சிங் பெரிய ரகசியம் இல்லை. என் மெஷினில் டேப்பை நாலு வரிசையாகப் பிரித்து ரெக்கார்டு செய்யலாம். ஒன்றில் தலைவர் குரல், ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் டோலக்கும் டிரம்ஸும், ஒன்றில் பேஸ். நாலையும் அளவு பார்த்துக் கலந்து ஒரே பாட்டாக இறக்க வேண்டும். குழம்பு கூட்டுகிற வேலைதான். எது கூடினாலும் கெட்டது.

காலையிலிருந்து கூட்டிப் பார்த்தேன். குழம்பாக வரவில்லை, களியாக வந்தது. பாட்டு ஆரம்பித்ததும் அடியில் கொழகொழவென்று ஒரு மூட்டம். தலைவர் குரல் அதற்குள் கழுத்தளவு முங்கிக் கிடந்தது. பேஸ் என்ன வாசிக்கிறது என்றே தெரியவில்லை. தெரியவில்லையே என்று ஏற்றினேன். இன்னும் மூடியது. அப்போதுதான் தலைவர் வந்து கேட்டுவிட்டு மாட்டுக் கதை சொன்னார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் பந்தல்காரனப் பாத்துட்டு மத்தியானத்துக்கு மேல வாரேன். நீ அந்தப் பேஸைத் தூக்கிரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவன் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கேட்டியா மாப்ள? தூக்கச் சொல்லிட்டாரு."

"எனக்கும் காது இருக்கு."

"தூக்குன்னா ஏத்துறதா, எடுக்குறதா?"

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் தூக்கு என்றால் உயர்த்து. தூக்கு என்றால் அப்புறப்படுத்து என்றும் அர்த்தம். மேடையில் "சவுண்டைத் தூக்கு" என்றால் ஏற்ற வேண்டும். "அந்த மைக்கைத் தூக்கு" என்றால் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். சொல்கிறவன் மூஞ்சியைப் பார்த்து நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். தலைவர் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சேறுன்னு சொன்ன மனுசன் இன்னும் ரெண்டு கூடை சேத்தக் கொட்டுன்னா சொல்லுவாரு?" என்றேன்.

"கீழ ஓடிப் போயிக் கேட்டுட்டு வரவா?"

"என்னன்னு கேப்ப? அண்ணே, என்னையத் தூக்குறீங்களா இல்ல தூக்குறீங்களான்னா?"

சிரித்தான். ஆனால் சரியாகச் சிரிக்கவில்லை. "அது இல்ல மாப்ள. எடுக்குறதுன்னா எங்கிட்ட நேராச் சொல்லலாம்ல. இம்புட்டு வருசம் கூட வந்திருக்கேன்" என்றான்.

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. ஆறுதல் சொல்லவும் வராது. பேஸ் கைப்பிடியை ஒரே இழுப்பாகக் கடைசி வரை இறக்கினேன்.

"இந்தா, தூக்கியாச்சு. கேளு."

டேப்பை ஓட விட்டேன். பாட்டு ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மாடு போய்விட்டது. சேறு அப்படியே இருந்தது.

அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "நான் வாசிக்காமலே நான் கெட்டதா இருக்கேனே" என்றான்.

டேப்பைத் திரும்பச் சுற்றி, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். குரலை இறக்கினால் ஒன்றும் மாறவில்லை. டோலக்கை இறக்கினால் மூட்டம் கொஞ்சம் விலகியது. கீபோர்டை இறக்கியதும் அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

கீபோர்டை மட்டும் தனியாக ஓட விட்டோம். வலது கை மேலே அழகாகத்தான் வாசிக்கிறது. கீழே இடது கை ஒவ்வொரு அடிக்கும் கட்டையை அழுத்தி, எடுக்காமல், அடுத்த அடி வரை பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் பேஸ் வாசிக்கிற அதே சுரம். பாட்டு முழுக்க அப்படியே. அதோடு டோலக்கின் இடப்பக்கத் தொனியும் சேர்ந்துகொண்டால் மூன்று பேர் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழைகிற கதைதான். ஒருத்தனும் உள்ளே போக முடியாது.

"பாத்தியா மாப்ள. வேன்ல இருந்து என்னைய இன்னும் எறக்கவே இல்ல, அதுக்குள்ள என் சீட்டுல ஒருத்தரு உக்காந்திருக்காரு" என்றான்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கீபோர்டின் இரண்டு கையும் ஒரே வரிசையில் இருக்கிறது. இடது கையை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. என் மிக்சரில் இருக்கும் அடித்தொனிக் குமிழைத் திருகினால் ரொம்பக் கீழே இருப்பதுதான் குறைகிறது. சேறு அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்த இடத்தை மட்டும் தொட ஒரு ஈக்வலைசர் வேண்டும், சத்தத்தைப் பத்துத் துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்குகிற பெட்டி. என்னிடம் அது இல்லை. கோரிப்பாளையத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பாயிடம் இருந்தது.

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் இன்னொன்றும் கவனித்தேன். கீபோர்டை இறக்கிய பிறகு பேஸைத் தனியாகக் கேட்டால், அதுவும் ஒன்றும் யோக்கியமில்லை. கம்பியில் விரல் படுகிற சத்தமே இல்லை. துணியைச் சுற்றிவைத்து அடித்த மாதிரி மொத்தையாக இருந்தது.

"கம்பிக்கு என்னடா போட்ட?"

"ஒண்ணும் போடலயே. தேங்காண்ணெய்தான்."

"தேங்காண்ணெயா?"

"வேர்வையில துருப்பிடிக்குதுல்ல. கச்சேரி முடிஞ்சதும் ஒரு துணியில தொட்டுத் துடச்சு வச்சிருவேன். புதுக் கம்பி மெட்ராஸ்ல இருந்துல்ல வரணும்."

"கம்பிக்குத் தேச்சியே, சீயக்காயும் போட்டுக் குளிப்பாட்டி விட்டிருக்கலாம்ல?"

"அது தீபாவளிக்கு" என்றான்.

திரும்ப வாசிக்க வைத்தாலும் அதே எண்ணெய்க் கம்பிதான். பயனில்லை. டேப்பில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

அவன் ஆற்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்குள் நான் டோலக்கைச் சரிசெய்தேன். அடித்தொனியைக் குறைத்து, விரல் தட்டுகிற மேல்தொனியைக் கொஞ்சம் ஏற்றினேன். வெயில் ஜன்னல் வழியாக மிக்சர் மேல் விழுந்துகொண்டிருந்தது. கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடியது. மிக்சிங்கில் அது ஓடினால் எனக்கென்ன.

அவன் தனியாக வரவில்லை. சைக்கிள் கேரியரில் பாய் உட்கார்ந்து, ஈக்வலைசரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பொருளைத் தனியாக அனுப்ப அவருக்கு மனசில்லை.

"தம்பி, நிக்காஹ் வீட்டுக்குப் போகவேண்டிய சாமான். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்ன திரும்ப எடுத்துட்டுப் போயிருவேன். ஜல்தி பண்ணுங்க" என்றார்.

பெட்டியில் வரிசையாக நிற்கும் கட்டைகளை அவர் இரண்டு ஓரத்திலும் மேலே ஏற்றி, நடுவில் இறக்கி, படகு மாதிரி வைத்திருந்தார். அப்போது ஊரில் எல்லாப் பெட்டியும் அப்படித்தான் இருக்கும். ஏன் என்று கேட்டால் பார்க்க நன்றாக இருக்கிறது என்பார்கள். நான் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். பாய் பதறிப்போனார்.

"அட, செட்டிங்கக் கலைக்கிறீங்களே!"

"திரும்ப அதே மாதிரி வச்சுத் தாரேன் பாய்."

"கும்மை எறக்குறீங்களே தம்பி! கும்மு போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு?"

"பாட்டு இருக்கும்" என்றேன். அவர் நம்பவில்லை.

பெட்டியில் இரண்டு வரிசை. ஒன்றைக் கீபோர்டுக்குக் கொடுத்தேன். இன்னொன்றைப் பேஸுக்கு. கீபோர்டுக்குக் கொடுத்த வரிசையில் அடியிலிருந்து நாலாவது கட்டையைப் பிடித்து, பாட்டு ஓட ஓட மெல்ல இறக்கினேன். இடது கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனது. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பேஸ். அதிலும் அந்த நாலாவது கட்டையைக் கொஞ்சம் இறக்கினேன். நடுவில் இருந்த கட்டையை ஏற்றினேன். எண்ணெய்க்குள்ளிருந்து அவன் விரல் வெளியே வந்தது. டக், டக் என்று ஒவ்வொரு சுரமும் ஆரம்பிக்கிற இடம் தெரிந்தது. மொத்தச் சத்தத்தையும் ஏற்றவே இல்லை. காலையில் வைத்திருந்ததைவிடக் குறைத்துத்தான் வைத்தேன்.

இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். தொடையில் விரலால் கூடவே வாசித்துக்கொண்டிருந்தான்.

ஒரு பாட்டைக் கேசட்டில் இறக்கி, டயர் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்குக் கொண்டு போனோம். என் அறையின் பெரிய ஸ்பீக்கர் பொய் சொல்லும். டீக்கடை டேப்ரெக்கார்டர் சொல்லாது. லாரியும் பஸ்ஸும் போகிற இரைச்சலில் நின்று கேட்டோம். குரல் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே பேஸ் தனியாக நடந்து போவது தெரிந்தது.

டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "கும்மு கம்மியா இருக்கேண்ணே" என்றார்.

அவன் முகம் மாறியது. "தலைவரும் இதையே சொன்னா என்ன செய்ய மாப்ள?"

"சொன்னா டீக்கடை வைக்கச் சொல்லு."

மேலே வந்தால், படியேறித் தலைவரும் வந்துகொண்டிருந்தார். கூடவே கீபோர்டு வாசிப்பவர். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அறையில் பெட்டிக்குக் காவல் இருந்த பாய், கையில் கட்டியிருந்த வாட்சைத் தலைவருக்குத் தெரிகிற மாதிரி இரண்டு தடவை பார்த்தார்.

மெஷினைத் தட்டிவிட்டேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பல்லவி முடிந்தது. தலையாட்ட ஆரம்பித்தார். சரணத்தில் பேஸ் தனியாக மேலேறி இறங்குகிற ஒரு இடம் உண்டு. அங்கே கண்ணைத் திறந்து கீபோர்டுக்காரர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"நான் சொல்லல? எடது கையில எம்புட்டுச் சுத்தமா வாசிச்சிருக்கான் பாரு! அந்தப் பேஸைத் தூக்குன பெறகு பாட்டே எந்திரிச்சு உக்காந்துருச்சு!"

ஆக, தூக்கு என்றால் என்ன என்பது தெரிந்துவிட்டது.

என் நண்பன் சுவரில் இருந்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசமாட்டான் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் கீபோர்டுக்காரர் பேசினார்.

"அண்ணே, இது நான் இல்ல."

"நீ இல்லாம?"

"நான் இந்த எடத்துல இப்படி ஏறி எறங்கி வாசிக்கல. எனக்கு வராது."

தலைவர் என்னைப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பேஸ் கைப்பிடியைக் கடைசி வரை இறக்கினேன். பாட்டு சட்டென்று மெலிந்து, தகரத்தில் பெய்கிற மழை மாதிரி ஆகிவிட்டது.

"ஏன்யா நிறுத்துன?"

"நிறுத்தலண்ணே. நீங்க சொன்னபடி தூக்கியிருக்கேன்."

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "நான் தூக்குன்னா ஏத்துன்னுல்லய்யா சொன்னேன்! தமிழ் தெரியாதா ஒனக்கு?"

பாய்தான் முதலில் சிரித்தார். அவருக்குக் கதை என்னவென்றே தெரியாது. அப்புறம் கீபோர்டுக்காரர். அப்புறம் என் நண்பன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யை இவ்வளவு வசதியாகச் சொல்ல ஒரு மொழி இடம் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. கைப்பிடியைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன்.

"சேறு எங்க இருந்துச்சுன்னு தெரியுமாண்ணே?" என்று ஆரம்பித்தேன். கீபோர்டின் இடது கையைப் பற்றிச் சொன்னேன். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை.

"மேடையில பல நேரம் பேஸ் கேக்காதுண்ணே, ஆம்பு மக்கர் பண்ணும். அப்ப நான் அழுத்திப் பிடிப்பேன். அது அப்படியே பழகிருச்சு" என்றார். பிறகு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்து, "அப்ப இத என்ன செய்ய?" என்றார்.

"டீ கிளாஸைப் பிடிங்க" என்றான் என் நண்பன்.

பாய் எழுந்துவிட்டார். "தம்பி, நேரமாச்சு. முடிவு பண்ணுங்க. பெட்டி போகணும்."

பெட்டி போனால் சேறு திரும்ப வந்துவிடும். அதற்குள் எல்லாப் பாட்டையும் கலந்து இறக்கியாக வேண்டும். நான் புது டேப்பை மாட்டிவிட்டுத் தலைவரைப் பார்த்தேன். அவர் சொல்லாமல் பொத்தானை அமுக்குவதில்லை என்று நின்றேன். அவர் பாயைப் பார்த்தார், கீபோர்டுக்காரரைப் பார்த்தார். என் நண்பனை மட்டும் பார்க்கவில்லை.

"ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். பாய் திரும்ப உட்கார்ந்து, கும் இல்லாத பாட்டைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவரும் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தார். கச்சேரி பற்றியோ வேன் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. என் நண்பன் சுவரோரமாகவே நின்றான். கேட்டுவிடு என்று கண்ணால் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

கடைசிக்கு முந்தின பாட்டில், பல்லவி திரும்பி வருகிற இடத்தில், தலைவர் கையை உயர்த்தினார்.

"அங்க என்ன வாசிச்ச?"

அவனும் கேட்டிருந்தான். நானும் கேட்டேன். இத்தனை நாள் சேற்றுக்குள் கிடந்த தப்பான சுரம் ஒன்று, கண்ணாடித் தம்ளருக்குள் விழுந்த கல் மாதிரி தெளிவாக விழுந்தது.

"தப்பாப் போச்சுண்ணே" என்றான்.

"எப்பவும் அப்படித்தான் வாசிக்கிறியா?"

"தெரியலண்ணே. கேட்டதில்ல."

"நானும் கேட்டதில்ல" என்றார் தலைவர். டேப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தப்பு கேசட்டில் அப்படியே போயிற்று. பாட்டு முடிகிற வரை தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வந்த பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு ரிகர்சலுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துரு. அந்த எடத்த நாலு தடவ பாடிப் பாப்போம். வெள்ளிக்கிழமை மேடையில அசிங்கமாப் போயிரக் கூடாது."

"வாரேண்ணே" என்றான்.